குத்திய கை யாருடையது? ஈடிப்பஸின் ஒரு கூற்றை வாசிக்கிற விதம்

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுக்கிற, ஆரையம்பதிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று இப்படிக் கேட்டிருந்தது:

"சேர், ஈடிப்பஸ் மன்னன் நாடகத்தில 'அப்பலோதான் இதெல்லாம் செய்தான், ஆனா குத்தின கை என்னுடையது' எண்டு வாற இடத்தை விளக்கச் சொல்லி வந்தா என்ன எழுதுற? ரியூசனில விதி எண்டு எழுதச் சொன்னாங்க. போன வருசம் எடுத்த அக்கா ஒராள் அவன்ட ஆணவம்தான் காரணம் எண்டு எழுதச் சொன்னா. ரெண்டில எது சரி? சிலப்பதிகாரத்தோட ஒப்பிட்டா புள்ளி வெட்டுவாங்களா? வசனம் முழுக்கப் பாடமாக்கணுமா?"

மகள், பதில் சொல்லமுதல் நான் ஒன்று கேட்கிறேன். "குத்தின கை" எதைக் குத்தின கை?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் திருத்திய எத்தனையோ பயிற்சித் தாள்களில் "ஈடிப்பஸ் தன் தகப்பனைக் கொன்ற கையைப் பற்றிச் சொல்கிறான்" என்று எழுதியிருந்தது. கையெழுத்து நல்லாயிருக்கும், பந்தி பிரித்தது நல்லாயிருக்கும், ஆனால் முழு விடையும் பிழையான கட்டையில் கட்டின தோணி மாதிரி வேறு எங்கோ போய் நிற்கும். அந்தக் கை தகப்பனைக் குத்திய கை இல்லை. தன் கண்ணைத் தானே குத்திய கை. இதைப் பிடித்துவிட்டால் விதியா ஆணவமா என்ற உங்கள் கேள்வியே வேறு கேள்வியாக மாறிவிடும்.

கூற்றை ஒருக்கா முழுதாகப் பார்ப்போம். கீழே இருப்பது கிரேக்க மூலத்தின் பொருளை ஒட்டி நான் தமிழில் எழுதிக்கொண்டது. உங்கள் கையிலிருக்கிற மொழிபெயர்ப்பில் சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கும்.

"அப்பலோ, நண்பர்களே, அப்பலோ!
என் கேடுகளை, இந்தக் கேடுகளை,
என்னுடைய, என்னுடைய இந்தத் துயரங்களை முடித்துவைத்தவன் அவனே.
ஆனால் இந்தக் கண்களைத் தன் கையால் குத்தியவன் வேறு எவனுமில்லை,
பாவி நான்தான்.
பார்த்தாலும் இனிக்கிற எதுவும் இல்லாதவனுக்குப்
பார்வை எதற்கு?"

சொபோக்கிளிஸ் எழுதிய இந்தக் கிரேக்க நாடகத்தின் 1329ஆம் அடியிலிருந்து வருகிற பகுதி இது. அப்பலோ குறிசொல்லும் கிரேக்கத் தெய்வம். அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? தீப்ஸின் முந்திய அரசன் லாயஸைக் கொன்றவனும், லாயஸுக்கு அவன் மனைவி யொகாஸ்டா பெற்று மலையில் எறியச் சொல்லிக் கொடுத்த பிள்ளையும் தானே என்று, இப்போது யொகாஸ்டாவின் கணவனாக இருக்கிற ஈடிப்பஸ் அறிந்துகொள்கிறான். அரண்மனைக்குள் ஓடுகிறான், வாள் கேட்கிறான், கதவை உடைக்கிறான். உள்ளே யொகாஸ்டா தூக்கில் தொங்குகிறாள். அவளை இறக்கிக் கிடத்திவிட்டு, அவளுடைய ஆடையில் செருகியிருந்த பொன் ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களில் திரும்பத் திரும்பக் குத்துகிறான். அரண்மனைக்குள் நடந்த ஒன்றையும் நாம் மேடையில் காண்பதில்லை. உள்ளேயிருந்து வருகிற தூதன் சொல்லத்தான் கேட்கிறோம். பிறகு கதவு திறக்கிறது, குருடன் வெளியே வருகிறான்.

வெளியே நிற்பது தீப்ஸ் நகர முதியவர்களாக வருகிற கோரஸ், அதாவது பாடகர் குழு. அவர்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது, பார்க்க நிறைய இருக்கிறது, ஆனால் உன்னைப் பார்க்க எங்களால் ஏலாது என்கிறார்கள். கண் போனவனுக்கு முன்னால் கண்ணுள்ளவர்கள் கண்ணைத் திருப்புகிறார்கள். அதற்குப் பிறகுதான் கேள்வி வருகிறது: கொடியது செய்தவனே, உன் கண்ணொளியை அணைக்க உனக்கு எப்படித் துணிவு வந்தது, எந்தத் தெய்வம் உன்னை ஏவியது?

இந்தக் கேள்வியை விடையில் கட்டாயம் எழுதுங்கள். ஏனென்றால் நமது கூற்று இதற்குச் சொன்ன பதில். அவர்கள் ஒரே மூச்சில் இரண்டு கேட்கிறார்கள்: "எப்படித் துணிந்தாய்", "எந்தத் தெய்வம்". முதலாவது அவனைப் பற்றியது, இரண்டாவது அவனுக்கு வெளியே நிற்பதைப் பற்றியது. ஈடிப்பஸும் இரண்டுக்கும் பதில் சொல்கிறான். தெய்வத்தைக் கேட்டீர்களா, அது அப்பலோ. துணிந்தவனைக் கேட்டீர்களா, அது நான். "விதி" என்று மட்டும் எழுதுகிற பிள்ளை முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. "ஆணவம்" என்று மட்டும் எழுதுகிற பிள்ளை இரண்டாம் பாதியைப் பிழையாக வாசிக்கிறது. நடுவில் கிடக்கிற "ஆனால்" என்ற சொல்லில்தான் நீங்கள் குந்தியிருக்க வேண்டும்.

இனி சொல்லுக்குச் சொல் வருவோம், விசயம் அங்கேதான் இருக்கிறது.

முதல் பாதியில் எல்லாமே இரட்டிக்கிறது. அப்பலோ அப்பலோ, கேடு கேடு, என்னுடைய என்னுடைய. கிரேக்கத்திலும் அப்படித்தான், சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் இரட்டையாக விழுகின்றன. செத்தவீட்டில் நம்முடைய பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது "என்ர ராசா, என்ர ராசா" என்று இரட்டிப்பதைக் கேட்டிருப்பீர்கள்தானே? அழுகைக்கு அப்படி ஒரு நடை இருக்கிறது. இந்தப் பகுதி உண்மையிலேயே அழுகைப் பாட்டுத்தான். நடிகனும் கோரஸும் மாறி மாறிப் பாடுகிற புலம்பலுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் கொம்மொஸ். அடிப்பது என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது, மார்பில் அடித்து அழுவதைக் குறிக்கும். நம்முடைய மாரடித்தல் என்ற சொல்லுக்கு அது சொந்தக்காரி. மட்டக்களப்பின் படுவான்கரையில் வட்டக்களரியை, கூத்து ஆடுகிற வட்ட மேடையை, சுற்றி விடியவிடிய இருந்து கூத்துப் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும். வடமோடிக் கூத்தில் ஒருவன் சாகப்போகிற இடத்தில் அவன் பாடின அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடும்போது துயரம் ஒரு ஆளின் துயரமாக இருக்காது, களரி முழுவதற்கும் ஆகிவிடும். வித்தியாசம் ஒன்று இருக்கிறது, அதையும் மறக்காதீர்கள். நம்முடைய பிற்பாட்டு நடிகனின் அடியைத் திருப்பிப் பாடும். கிரேக்கக் கோரஸ் கேள்வி கேட்கும், பயப்படும், சிலவேளை மறுத்தும் பேசும்.

இரண்டாம் பாதிக்கு வந்தால் இரட்டிப்பு நின்றுவிடுகிறது. "வேறு எவனுமில்லை, நான்தான்" என்று ஒற்றைச் சொல்லாக வந்து விழுகிறது. அப்பலோவுக்கு இரண்டு தரம், "நான்" ஒரே ஒரு தரம். புலம்பல் நடை முறிந்து வாக்குமூல நடை வருகிற இடம் இது. விடைத்தாளில் இந்த ஒரு அவதானத்தை எழுதினாலே, நீங்கள் கதையைச் சொல்லவில்லை, கூற்றை வாசித்திருக்கிறீர்கள் என்பது திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் பிடித்த நுட்பம் அடுத்தது. "தன் கையால்" என்று நான் தமிழாக்கிய இடத்தில் மூலத்தில் இருக்கிற சொல் அவ்தொகெய்ர். தன், கை என்ற இரண்டும் சேர்ந்த சொல். ஒரு காரியத்தைத் தன் கையாலேயே செய்தவன் என்று பொருள், கொலைகாரனுக்கும் வழங்கும். இந்தச் சொல் 1331ஆம் அடியில் புதிதாக வரவில்லை. நாடகத்தின் தொடக்கத்தில், ஊரைக் கூட்டிவைத்து லாயஸின் கொலையாளியைச் சபிக்கிற இடத்தில், 266ஆம் அடியில் ஈடிப்பஸே அதைச் சொல்கிறான். லாயஸுக்காக, என் சொந்தத் தகப்பனுக்காகப் போராடுவது போலப் போராடுவேன், அந்தக் கொலையைத் தன் கையால் செய்தவனைத் தேடிப் பிடிக்க எந்த எல்லைக்கும் போவேன் என்கிறான். "என் சொந்தத் தகப்பனுக்காக" என்ற சொற்களில் இருக்கிற முரண்நகையை எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். "தன் கையால்" என்ற சொல் ஆயிரம் அடி கடந்து அவனிடமே திரும்பி வருவதைக் கவனிக்கிற பிள்ளை குறைவு. தேடின கை கிடைத்துவிட்டது, அது அவனுடைய கையே. கிடைத்ததும் அந்தக் கையைக்கொண்டே தண்டனையையும் கொடுத்துவிட்டான். தேடுகிறவன், குற்றவாளி, நீதிபதி, தண்டனையை நிறைவேற்றுகிற அலுகோசு நாலும் ஒரே ஆள்.

இனி உங்கள் சண்டைக்கு வருவோம், விதியா ஆணவமா.

விதிக் கட்சிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. லாயஸ் தன் பிள்ளையின் கையால் சாவான் என்று அப்பலோவின் வாக்கு முன்பே சொல்லிவிட்டது. தகப்பனைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று ஈடிப்பஸுக்கும் சொல்லப்பட்டது. அதற்குப் பயந்து, தான் பிறந்த ஊர் என்று நம்பி வளர்ந்த கொரிந்துக்குத் திரும்பாமல் ஓடியவன் ஓடிப் போய்ச் சேர்ந்ததே தீப்ஸில். குருட்டு ஞானி டைரீசியஸும் ஈடிப்பஸிடம் நேருக்கு நேர் சொல்கிறார்: உன்னை வீழ்த்த நான் தேவையில்லை, அப்பலோ போதும், இதை முடித்துவைப்பது அவன் பொறுப்பு. நமது கூற்றின் முதல் பாதியில் வருகிற "முடித்துவைத்தவன் அவனே" அந்த வசனத்தின் எதிரொலி. அன்றைக்கு ஈடிப்பஸ் ஞானியைப் பார்த்து, காதும் மனமும் கண்ணும் குருடான ஆள் நீ என்று திட்டினான். இன்றைக்குத் தானே குருடனாக நின்றுகொண்டு அந்த ஞானி சொன்னதை ஒத்துக்கொள்கிறான்.

ஆனாலும் ஊசியை எடுக்கச் சொன்ன தெய்வவாக்கு எது? கொலையாளியை நாட்டைவிட்டு நீக்கினால், இல்லையென்றால் கொலைக்குக் கொலையால் ஈடு கட்டினால் கொள்ளைநோய் தீரும் என்றுதான் அப்பலோவின் குறிசொல்லும் கோயிலான தெல்பியிலிருந்து செய்தி வந்தது. கண்ணைக் குத்தச் சொல்லி எந்தக் கட்டளையும் இல்லை. கவனம், "குருடாவான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். அது பிழை. பார்வையுள்ளவன் குருடனாகி, பணக்காரன் பிச்சைக்காரனாகி, கோலால் தட்டித் தடவி அந்நிய நாட்டுக்குப் போவான் என்று டைரீசியஸ் சொல்லியிருக்கிறார். தெரிந்திருப்பது வேறு, செய்யவைப்பது வேறு. மாரி வரும் என்று சொன்னவர் மழையைப் பெய்விக்கிறவர் இல்லைத்தானே.

இதற்கு நாடகத்திற்குள்ளேயே சாட்சி இருக்கிறது. உள்ளே நடந்ததைச் சொல்ல வருகிற தூதன் தொடங்கும்போதே ஒரு சொல் சொல்லிவிடுகிறான்: இப்போது வெளிவரப்போகிற கேடுகள் விரும்பிச் செய்தவை, விரும்பாமல் செய்தவை அல்ல, தானாகத் தேடிக்கொண்ட துன்பமே ஆகக்கூட நோகும். அறியாமல் செய்த கொலையையும் திருமணத்தையும் ஒரு பக்கம் வைத்து, அறிந்து செய்த தூக்கையும் குருட்டையும் மறுபக்கம் வைத்துக் கோடு கிழிக்கிறான் தூதன். நமது கூற்றில் "ஆனால்" கிடப்பது அந்தக் கோட்டின் மேல்தான்.

ஆக, கூற்றின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று வெட்டவில்லை. என் வாழ்க்கை இப்படி ஆனதற்கு அப்பலோ. இதற்கு என்ன மறுமொழி சொல்வது என்று தீர்மானித்தது நான். அவன் அப்பலோவைக் குற்றம் சொல்லித் தப்பவுமில்லை, அப்பலோ இல்லை என்று மறுக்கவுமில்லை. கிரேக்கப் பார்வையாளனுக்கு ஒரே செயலில் தெய்வமும் மனிதனும் சேர்ந்து நிற்பது வினோதமான விசயமும் அல்ல.

ஆணவக் கட்சியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அரிஸ்டோட்டில் தன் கவிதையியலில், துன்பியல் நாயகன் கெட்டவனாக இருந்ததால் வீழ்வதில்லை, ஏதோ ஒரு ஹமார்ட்டியாவினால் வீழ்கிறான் என்கிறார். ஈடிப்பஸை உதாரணமாகவும் காட்டுகிறார். அந்தச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் குறி தவறுதல், பிழைபடுதல். யாரோ அதைக் "குணக்கேடு" என்று தமிழாக்கினார்கள், பிறகு அது "ஆணவம்" ஆயிற்று, இப்போது கொப்பிக்குக் கொப்பி தாவுகிறது. ஈடிப்பஸ் கோபக்காரன், மறுப்பதற்கில்லை. முச்சந்தியில் வண்டியிலிருந்த கிழவன் தலையில் அடித்ததும் பதிலுக்கு அடித்துக் கொன்றான், டைரீசியஸையும் யொகாஸ்டாவின் சகோதரன் கிரியோனையும் சதிகாரர் என்றான். ஆனால் அந்தக் கிழவன்தான் தன் தகப்பன் லாயஸ் என்பது தெரியாமல் போனதுதான் அந்தப் பிழையின் வேர். கோபம் குறைந்த ஆளாக இருந்திருந்தாலும் தாயைத் தாய் என்று அவனுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. ஆகவே ஆணவம் என்ற ஒரு சொல்லால் மூடிவிடாதீர்கள். கோபம், அவசரம், அறியாமை என்று பிரித்து எழுதுங்கள்.

அவனைப் பெரிய ஆளாக்குகிற குணமும் அவனை அழிக்கிற குணமும் ஒன்றுதான் என்பதற்கு ஒரு துணைக்கூற்று தருகிறேன். கிழட்டு இடையனை மிரட்டி உண்மையைக் கறக்கிற கட்டம். ஐயோ, சொல்லப் பயங்கரமான இடத்துக்கு வந்துவிட்டேன் என்கிறான் இடையன். நான் கேட்கப் பயங்கரமான இடத்துக்கு, ஆனாலும் கேட்டேயாக வேண்டும் என்கிறான் ஈடிப்பஸ். அதற்கு முன்பே எல்லாம் விளங்கிப்போன யொகாஸ்டா, உன் உயிர்மேல் அக்கறை இருந்தால் இதைத் தேடாதே என்று மன்றாடிவிட்டுப் போய்விட்டாள். நிறுத்த வழி இருந்தது, அவன் நிறுத்தவில்லை. அங்கேயும் ஒரு "ஆனாலும்" கிடக்கிறது, பார்த்தீர்களா? இரண்டு கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பந்தி தானாக எழும்பும்.

சிலப்பதிகாரத்தைக் கேட்டீர்கள். தாராளமாக ஒப்பிடலாம், அளவோடு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் மதங்க சூளாமணியில் சேக்ஸ்பியரைச் செகசிற்பியார் ஆக்கி, அவருடைய பன்னிரண்டு நாடகங்களை நம்முடைய நாடக இலக்கணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நமது மண்ணுக்கு அது பழக்கமான வேலை. வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கோயிலில் கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தன்னைத்தானே குற்றவாளியாகக் காண்கிற அரசன் புதியவன் இல்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் சொல்கிறான்: "யானோ அரசன் யானே கள்வன்". நாலே சொல். ஈடிப்பஸ் நாடகம் முழுவதையும் இந்த நாலு சொல்லுக்குள் மடித்து வைக்கலாம்: நீதி கேட்கிற நாற்காலியில் இருந்தவனே குற்றவாளி. அதைவிட நெருக்கமான இடம் இன்னொன்று இருக்கிறது. பாண்டியன் விசாரிக்காமல் கொலைக் கட்டளை கொடுத்ததைச் சொல்லும்போது இளங்கோ "வினைவிளை காலம் ஆதலின்" என்றும் "தேரான் ஆகி" என்றும் ஒரே வாக்கியத்தில் எழுதுகிறார். வினை விளைகிற காலம், அது மேலேயிருந்து வந்தது. ஆராயாமல் விட்டது, அது அவனுடையது. அப்பலோவும் கையும் மாதிரியேதான். விதியா மனிதனா என்று இளங்கோவும் ஒன்றைத் தெரிவு செய்யவில்லை.

ஒற்றுமையோடு நிறுத்தினால் ஒப்பீடு பாதிதான். பாண்டியன் "கெடுக என் ஆயுள்" என்று சொல்லி அந்த இடத்திலேயே விழுந்து சாகிறான். ஈடிப்பஸ் சாகவில்லை. குருடனாக இருப்பதைவிடச் செத்திருக்கலாமே என்று கோரஸே சொல்கிறது. அவன் ஏற்கவில்லை, எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம் என்கிறான். செத்துப்போனால் பாதாளத்தில் எந்தக் கண்ணால் தகப்பனைப் பார்ப்பேன், தாயைப் பார்ப்பேன் என்று காரணமும் காட்டுகிறான், முடியுமென்றால் காதையும் அடைத்திருப்பேன் என்கிறான். பாண்டியன் பிழையைச் சொல்லி உயிரால் ஈடு கட்டினான். ஈடிப்பஸ் பிழையோடு உயிர்வாழ்வதை எடுத்துக்கொண்டான். எது பெரிய தண்டனை என்று எனக்கு இன்றுவரை ஒரு முடிவுமில்லை, நீங்கள் எழுதுங்கள். இந்த ஒப்பீட்டுக்கு நாலைந்து வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். கேட்டது ஈடிப்பஸைப் பற்றி, கண்ணகியைப் பற்றி எழுத வேறு பாடம் இருக்கிறது.

உங்கள் பாடத்தின் பெயரில் "அரங்கியல்" என்றும் ஒரு சொல் இருக்கிறது, ஆகவே இதை மேடையில் வைத்தும் பாருங்கள். கிரேக்க நடிகன் முகமூடி போட்டவன். முகபாவம் காட்டி அழ அவனால் ஏலாது. ஏதென்சில் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருந்த ஆயிரக்கணக்கான சனத்துக்குக் கேட்கிற குரலும், தெரிகிற உடம்பும், சொல்லின் அடுக்கும்தான் அவனுடைய கருவிகள். "அப்பலோ அப்பலோ" என்ற இரட்டிப்பு அலங்காரத்துக்கு வைத்ததல்ல, முகமூடிக்குப் பின்னாலிருந்து அழுகையை வெளியே கொண்டுவருகிற வழி.

ஒருமுறை பயிற்சிப் பட்டறை ஒன்றில் இந்த வசனத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னேன். வாழைச்சேனைப் பக்கத்துப் பெடியன் ஒருவன் நல்ல குரல்காரன். "குத்தியவன் நான்தான்" என்ற இடத்தில் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, உள்ளங்கையை உற்றுப் பார்த்து, நடுங்கி நடுங்கிச் சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் மெல்லமாகக் கேட்டது: "சேர், கண் போன ஆள் கையை எப்படிப் பார்க்கிற?" எனக்கு வெட்கமாகப் போயிற்று. அத்தனை வருசம் படிப்பித்தும் அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. பெடியன் திரும்பச் செய்தான். இந்தமுறை ஒரு கையால் மற்றக் கையைத் தேடித் தடவிப் பிடித்துக்கொண்டு சொன்னான். கூற்று அப்போதுதான் எனக்கே ஒழுங்காக விளங்கியது. தான் செய்ததை அறிந்துகொண்டபோது அதைச் செய்த கையைக்கூட அவனால் காண முடியாது. பார்வை இருந்தபோது உண்மை தெரியவில்லை, உண்மை தெரிந்தபோது பார்வை இல்லை. கண்ணும் குருடும் என்கிற குறியீட்டைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் இங்கேயிருந்து தொடங்குங்கள்.

எழுதுகிற விதத்தைக் காட்ட ஒரு பந்தி:

"தன் கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வரும் ஈடிப்பஸிடம், உன்னை ஏவிய தெய்வம் எது என்று கோரஸ் கேட்கும்போது அவன் இவ்வாறு கூறுகிறான். 'அப்பலோ' என்ற பெயரை இருமுறை அழைத்துப் புலம்புபவன், தன் செயலைச் சொல்லும்போது 'வேறு எவனுமில்லை, நான்தான்' என ஒரே முறையில் முடிக்கிறான். தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் தெய்வவாக்கு முன்னறிவித்தவை, அவன் அறியாமல் செய்தவை. கண்களைக் குத்தியதோ அவன் அறிந்து செய்தது. தொடக்கத்தில் கொலையைத் 'தன் கையால்' செய்தவனைத் தேடுவேன் எனச் சூளுரைத்த அதே சொல்லால் இங்கே தன்னையே சுட்டுகிறான். எனவே இக்கூற்று விதியை மறுக்கவில்லை, விதிக்குள் மனிதனுக்கு எஞ்சியிருக்கும் பொறுப்பை ஏற்கிறது."

இதில் சொபோக்கிளிஸ் எப்போது பிறந்தார், எத்தனை நாடகம் எழுதினார் என்று ஒன்றும் இல்லை, பார்த்தீர்களா? நூற்றிருபதுக்கு மேல் எழுதியதும், முழுதாக மிஞ்சியது 7 என்பதும், மூன்றாவது நடிகனைக் கொண்டுவந்தவர் அவர் என்று அரிஸ்டோட்டில் சொல்வதும் வேறு வினாவுக்கு உதவும். கூற்றை விளக்கச் சொன்னால் முதல் வரியிலேயே கூற்றுக்குள் இறங்கிவிடுங்கள். வாழ்க்கை வரலாற்றை முதல் பந்தியில் கொட்டுகிற பிள்ளைக்குக் கடைசிப் பந்திக்கு நேரம் இருப்பதில்லை. கதைச்சுருக்கமும் அப்படித்தான். முன்பு தீப்ஸை வருத்திய ஸ்பிங்ஸ் என்ற விலங்குப் பெண்ணின் விடுகதையிலிருந்து தொடங்கினீர்களென்றால் ஊசிக்கு வந்து சேர மணி அடித்துவிடும்.

பாடமாக்குவது பற்றி. முழு வசனமும் தேவையில்லை. "அப்பலோ, நண்பர்களே, அப்பலோ" என்ற துண்டு, "தன் கையால் குத்தியவன் வேறு எவனுமில்லை, நான்தான்" என்ற துண்டு, இடையனிடம் சொல்கிற "ஆனாலும் கேட்டேயாக வேண்டும்", தூதனின் "விரும்பிச் செய்தவை, விரும்பாமல் செய்தவை அல்ல". இந்த நாலும் போதும். உங்கள் மொழிபெயர்ப்பில் இருக்கிற சொல்லோடேயே பாடமாக்குங்கள், என்னுடைய தமிழை எடுக்க வேண்டாம். சொல் மறந்துபோனால் மேற்கோள் குறி போடாமல் பொருளை எழுதுங்கள். குறிக்குள் பிழையான சொல் கிடப்பதைவிட அது நல்லது.

இன்னொன்று, வாயால் சொல்லிப் பாடமாக்குங்கள். மாரி தொடங்கினால் இரவில் கரண்ட் போகும்தானே. குப்பிவிளக்கைத் தேட முதல், இருட்டில் இருந்தபடியே ஒருக்கா சொல்லிப் பாருங்கள், மற்றக் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு.